ட்ராஃபிக் கவுண்ட் எடுக்கறது எப்படி? சிஆர்ஆர்ஐ பண்ற வேலைய நம்ம ரோட்டுல சின்ன அளவுல பண்ணிப் பாக்கலாம்

"எங்க ரோட்டுல வண்டி ரொம்ப ஜாஸ்தி, நடவடிக்கை எடுங்க"ன்னு மனு குடுத்தா அது ஃபைலுக்குள்ள போய் படுத்துக்கும், அவ்ளோதான். ஜாஸ்தின்னா எவ்ளோ? எத்தனை மணிக்கு? லாரியா பைக்கா? இதுக்கெல்லாம் நம்பரோட போனா எதிர்ல உக்காந்திருக்கற இன்ஜினியரால சும்மா தலையாட்டி அனுப்ப முடியாது, ஒண்ணு ஒத்துக்கணும் இல்ல அவர் கவுண்ட் எடுத்து மறுக்கணும். ரெண்டுமே நமக்கு நல்லதுதான்.

டெல்லி மதுரா ரோட்டுல சிஆர்ஆர்ஐன்னு ஒரு இடம் இருக்கு, மத்திய சாலை ஆராய்ச்சி நிறுவனம், 1952ல ஆரம்பிச்சது, சிஎஸ்ஐஆர்ங்கற மத்திய அரசு அறிவியல் ஆராய்ச்சி அமைப்பு கீழ வருது. சாலை ஆராய்ச்சின்னதும் வெள்ளை கோட்டு போட்டுட்டு லேப்ல தார் காய்ச்சுவாங்கன்னு நினைப்போம். அதுவும் உண்டு, சூரத் பக்கம் ஹசிரால ஸ்டீல் ஆலை கசடு வச்சு ரோடு போட்டது இவங்க டெக்னாலஜிதான். ஆனா இன்னொரு முக்கியமான வேலை ரோட்டோரம் நின்னு எண்றது, அளக்கறது, எழுதறது. 2017ல வந்த இந்திய ஹைவே கெப்பாசிட்டி மேனுவல், சுருக்கமா இண்டோ எச்சிஎம், எந்த ரோடு எவ்ளோ வண்டி தாங்கும்னு சொல்ற புத்தகம், அது இவங்க தலைமைல ஐஐடி மாதிரி பல காலேஜ்கள் சேர்ந்து நாடு பூரா எடுத்த கவுண்ட்லேந்து வந்ததுதான். அது வரைக்கும் நம்ம ஊர் பைக், ஆட்டோ, மாட்டு வண்டி கலந்த ட்ராஃபிக்குக்கும் அமெரிக்கா மேனுவலை எடுத்து ஒட்டிக்கிட்டு இருந்தவங்க நிறைய பேர். நம்ம ஸ்டேட்லயும் கிண்டில ஹைவேஸ் ரிசர்ச் ஸ்டேஷன்னு ஒண்ணு இருக்கு, ஹைவேஸ் டிபார்ட்மென்டோடது.

சரி, வேலைக்கு வருவோம். சிவில் படிக்கற பசங்க ப்ராஜெக்டுக்கும் இதே போதும், குடியிருப்போர் சங்கத்துக்கும் இதே போதும்.

முதல்ல என்ன கேள்விக்கு பதில் வேணும்னு ஒரு பேப்பர்ல எழுதிக்கங்க. இதை விட்டுட்டு நேரா எண்ண ஆரம்பிச்சா பாதி டேட்டா உதவாது. ஏன்னா ரோடு அகலம் பத்தலங்கறது ஒரு கேள்வி, ரோடு சீக்கிரம் உடையுதுங்கறது வேற கேள்வி, ரெண்டுக்கும் வேணுங்கற நம்பர் வேற வேற. அகலத்துக்கு பைக்லேந்து பஸ் வரைக்கும் எல்லாம் கணக்கு. ரோட்டோட கனம் எவ்ளோ இருக்கணும்கறதுக்கு பைக்கு, கார், ஆட்டோ எதுவும் கணக்கே இல்ல, ஐஆர்சின்னா இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ், ரோட்டுக்கு விதிப் புத்தகம் போடற அமைப்பு, அவங்களோட ஐஆர்சி 37ங்கற டிசைன் விதில லோடோட 3 டன்னும் அதுக்கு மேலயும் இருக்கற கமர்ஷியல் வண்டி மட்டும்தான் ஒரு நாளைக்கு எத்தனைன்னு பாப்பாங்க. பத்தாயிரம் பைக் போற ரோடு பல வருஷம் தாங்கும், பக்கத்துல குவாரி தொறந்து டிப்பர் ஓட ஆரம்பிச்சா அதே ரோடு ரெண்டு மழைக்கு தாங்காது. இந்த வித்தியாசம் தெரியாம "வண்டி அதிகமாயிடுச்சு, அதான் ரோடு போச்சு"ன்னு பொத்தாம்பொதுவா எழுதினா, பார்த்த உடனே தெரிஞ்சுடும் இது விஷயம் தெரியாம எழுதினதுன்னு.

இடம் தேர்ந்தெடுக்கறது: எவ்ளோ வண்டி போகுதுன்னு பாக்க சிக்னல்லேந்தும் பஸ் ஸ்டாப்லேந்தும் தள்ளி, ரோடு நேரா போற இடமா பாருங்க. ஜங்ஷன்ல நின்னா எந்த வண்டி நேரா போச்சு எது திரும்புச்சுன்னு தனித்தனியா எண்ணணும், நாலு ரோடு சேர்ற இடம்னா 12 திருப்பம் வரும், அதுக்கு ஆள் பட்டாளமே வேணும். டீக்கடை பெஞ்ச் நல்ல இடம், நிழல் இருக்கு, யாரும் விரட்ட மாட்டாங்க, ஆனா கடைக்கு முன்னாடியே வண்டி நிக்கற இடமா இருந்தா மறைக்கும், கொஞ்சம் தள்ளி உக்காருங்க. ஒரு மொட்டை மாடியோ முதல் மாடி பால்கனியோ கிடைச்சா அதுதான் பெஸ்ட், பஸ் குறுக்க நின்னாலும் பின்னாடி வர்ற பைக் தெரியும். லோக்கல் போலீஸ் ஸ்டேஷன்ல ஒரு வார்த்தை சொல்லிடுங்க. க்ளிப்போர்டும் பேனாவுமா ரோட்டோரம் நின்னா பத்து நிமிஷத்துல யாராவது வந்து "என்ன சார் ரோடு அகலப்படுத்தப் போறாங்களா, எங்க கடை போயிடுமா"ன்னு கேட்பாங்க, இது எந்த ஊர்லயும் நடக்கும். பொறுமையா பதில் சொல்லுங்க, ஏன்னா அந்த கடைக்காரருக்குதான் எந்த நாள் எந்த நேரம் லாரி வரும்னு நம்மள விட நல்லா தெரியும்.

நேரம். ஊருக்கு வெளில இருக்கற ரோட்டுக்கு ஐஆர்சி 9 சொல்றது தொடர்ந்து 7 நாள், 24 மணி நேரமும், அதுவும் வருஷத்துக்கு ரெண்டு தடவை, அறுவடை சீசன்ல ஒண்ணு மத்த காலத்துல ஒண்ணு. நம்மால அது முடியாது, வேணாம். ஒரு சாதாரண வேலை நாள்ல காலைல 8லேந்து 11, சாயங்காலம் 4லேந்து 8, இதுவே நிறைய சொல்லும். செவ்வாய், புதன், வியாழன் நல்ல நாள். திங்கக்கிழமை காலைலயும் வெள்ளிக்கிழமை சாயங்காலமும் ஊருக்குப் போறவங்க வர்றவங்க கலந்துடுவாங்க. சந்தை நாள், முகூர்த்த நாள், ஸ்கூல் லீவு, பந்த், திடீர் மழை இதெல்லாம் தவிர்க்கணும், ஆனா சந்தை நாள் பிரச்சனையதான் காட்டணும்னா அந்த நாளையும் தனியா எடுத்து "சந்தை நாள்"னு மேலயே எழுதிடுங்க. முகூர்த்த நாளான்னு காலண்டர் பாக்காம எடுத்த கவுண்ட்டை வச்சு சண்டை போடாதீங்க, அந்தப் பக்கம் இருக்கறவரு அந்த தேதிய பாத்ததும் சிரிப்பாரு.

லாரி பிரச்சனைதான் உங்க கேள்வின்னா ராத்திரியும் எண்ணணும், வேற வழியில்ல, நிறைய ஊர்ல கனரக வண்டிக்கு பகல்ல அனுமதி கிடையாது. ராத்திரி எண்றது கஷ்டம், ஹெட்லைட் மட்டும்தான் கண்ணுல அடிக்கும், பஸ்ஸா லாரியான்னு தெரியாது. அதனால வர்ற வண்டிய பாக்காதீங்க, தாண்டிப் போறத பாருங்க, பின்னாடி இருக்கற சிவப்பு லைட்டும் பக்கவாட்டும் தெரு விளக்குல தெளிவா தெரியும். தெரு விளக்கு எரியற இடமா பாத்து உக்காரணும்னு தனியா சொல்லத் தேவையில்ல. ரிஃப்ளெக்டர் ஜாக்கெட் போட்டுக்கங்க, தனியா போகாதீங்க.

ஷீட்: ஒரு ஏ4 பேப்பர், மேல ரோடு பேரு, இடம், எந்தப் பக்கமிருந்து எந்தப் பக்கம், தேதி, கிழமை, வானிலை, எண்றவர் பேரு. இடது பக்கம் 15 நிமிஷம் 15 நிமிஷமா வரிசை. குறுக்க வண்டி வகை. டூவீலர், ஆட்டோ, கார் ஜீப் வேன், ஷேர் ஆட்டோ, பஸ், மினி பஸ், குட்டி யானை மாதிரி சின்ன சரக்கு வண்டி, ரெண்டு ஆக்சில் (சக்கரங்கள இணைக்கற அச்சு) லாரி, மூணு ஆக்சில், அதுக்கு மேல, ட்ராக்டர் ட்ரெய்லரோட, ட்ராக்டர் தனியா, சைக்கிள், மாட்டு வண்டி. ஒரு ஷீட் ஒரு திசைக்கு. ஏன் 15 நிமிஷம்னா, ஒரு மணி நேரத்துக்குள்ளயே எல்லா வண்டியும் சமமா வராது, ஸ்கூல் விடற அந்த கால் மணி நேரம்தான் ரோட்டையே அடைக்கும், மொத்தமா மணிக்கணக்குல எழுதினா அது தெரியாமலே போயிடும். பீக் ஹவர் ஃபேக்டர்னு ஒண்ணு கணக்கு பண்ணுவாங்க, ஒரு மணி நேர மொத்தத்தை, அதுல அதிகமா வந்த கால் மணி நேர எண்ணிக்கையோட நாலு மடங்கால வகுக்கறது. 1க்கு பக்கத்துல வந்தா சீரா வருது, 0.7, 0.75ன்னு வந்தா ஒரு குறிப்பிட்ட நேரத்துல கொட்டுதுன்னு அர்த்தம், அப்போ ரோட்டை அகலப்படுத்தறத விட ஸ்கூல் கேட்டை மாத்தறதோ நேரத்தை மாத்தறதோ சல்லிசா முடியும்.

எண்றப்போ நாலு கோடு போட்டு அஞ்சாவத குறுக்க இழுக்கற பழைய முறைதான், அதுக்கு மேல ஒண்ணும் வரல. ஆனா நம்ம ஊர்ல டூவீலர் வேற ரகம். பீக் நேரத்துல ஒரு பச்சை சிக்னல் விட்டதும் இருபது முப்பது பைக் கொத்தா வரும், கோடு போட குனிஞ்சா அடுத்த கொத்து போயிடும். அதனால டூவீலருக்கு மட்டும் தனியா ஒருத்தர், கையில அமுக்கற கவுண்டர் ஒண்ணு வாங்கிக் குடுத்துடுங்க, கோவில்ல ஜபம் எண்றதுக்கு விரல்ல மாட்டிக்குவாங்களே அந்த டிஜிட்டல் கவுண்டரே போதும், கண்ணை ரோட்டுலேந்து எடுக்காம அமுக்கிக்கிட்டே இருக்கலாம், 15 நிமிஷம் ஆனதும் நம்பரை எழுதிட்டு ஜீரோ பண்ணிக்கணும். இன்னொருத்தர் மத்த எல்லாம். ஒரு பைக்ல மூணு பேர் போனாலும் அது ஒரு பைக்தான், ஆள எண்ணாதீங்க. தள்ளிக்கிட்டுப் போற வண்டிய எண்ண வேணாம். ஒன்வேல எதிர்ல வர்றவங்கள எண்ணணும், ஆனா எந்தத் திசைல போறாங்களோ அந்த ஷீட்ல. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஆள் மாத்துங்க, அதுக்கு மேல கை தானா கோடு போட ஆரம்பிச்சுடும். கூடவே ஒரு ஃபோனை பால்கனில வச்சு வீடியோ எடுத்து வைங்க, அப்புறமா ஏதாவது ஒரு கால் மணி நேரத்த வீடியோல மறுபடி எண்ணி ஷீட்டோட ஒப்பிட்டுப் பாருங்க. ரெண்டும் ரொம்ப தள்ளி நின்னா அந்த ஷீட்டை நம்பாதீங்க.

கூகுள் மேப்ல சிவப்பா காட்டுதே அது போதாதான்னு கேட்பீங்க. அது வேகத்தைதான் காட்டுது, எண்ணிக்கைய இல்ல. நூறு வண்டி மெதுவா போனாலும் சிவப்பு, ஆயிரம் வண்டி மெதுவா போனாலும் சிவப்பு.

எண்ணி முடிச்சா அடுத்தது பிசியு, அதாவது பாசஞ்சர் கார் யூனிட். ஒரு பஸ்ஸும் ஒரு பைக்கும் ரோட்டுல ஒரே இடத்த அடைக்காது இல்லையா, அதனால எல்லாத்தையும் கார் கணக்குக்கு மாத்தறது. ஊருக்கு வெளி ரோடுகளுக்கு ஐஆர்சி 64ல கார் 1, டூவீலர் 0.5, பஸ் லாரி 3, ட்ராக்டர் ட்ரெய்லரோட 4.5, கை வண்டி 3, மாட்டு வண்டி 8. ஆமா எட்டு, ஒரு மாட்டு வண்டி எட்டு காரோட வழிய மறிக்குதுன்னு கணக்கு, பின்னாடி மாட்டிக்கிட்டு ஊர்ந்தவங்களுக்கு இது அதிகம்னே தோணாது. ஊருக்குள்ள ஐஆர்சி 106, அதுல கொஞ்சம் சிக்கல், அந்த வகை வண்டி மொத்தத்துல எத்தனை சதவீதம்கறத பொறுத்து நம்பர் மாறும். 5 சதவீதம்னா ஒண்ணு, 10ம் அதுக்கு மேலயும்னா ஒண்ணு: டூவீலர் 0.5, 0.75. ஆட்டோ 1.2, 2. சின்ன சரக்கு வண்டி 1.4, 2. பஸ் லாரி 2.2, 3.7. சைக்கிள் 0.4, 0.5.

ஒரு கணக்கு போட்டுப் பாப்போம், சும்மா உதாரணத்துக்கு. ஒரு மணி நேரத்துல ரெண்டு திசையும் சேத்து 1600 வண்டி: டூவீலர் 820, கார் 300, ஆட்டோ 160, பஸ் லாரி 160, சின்ன சரக்கு 80, சைக்கிள் 80. மாத்தினா டூவீலர் 615, கார் 300, ஆட்டோ 320, பஸ் லாரி 592, சின்ன சரக்கு 112, சைக்கிள் 32. மொத்தம் 1971 பிசியு. எண்ணிக்கைல பத்துல ஒரு பங்கா இருந்த பஸ்ஸும் லாரியும் இடத்துல பத்துல மூணு பங்க எடுத்துக்குது பாத்தீங்களா. இப்போ அதே ஐஆர்சி 106ல, ரெண்டு திசையும் ஓடற ரெண்டு லேன் ரோட்டுக்கு, ஆர்டீரியல்னா (ஊரோட பிரதான ரோடு) மணிக்கு 1500, சப் ஆர்டீரியல்னா (அதுக்கு அடுத்த நிலை) 1200, கலெக்டர் ரோடுன்னா (தெரு வண்டிகள சேத்து பெரிய ரோட்டுக்குக் கொண்டு போறது) 900 பிசியு வரைக்கும் ஓரளவு நிம்மதியா ஓடும்னு வச்சிருக்காங்க. 1500ஐ தாண்டினதும் ரோடு நின்னுடாது, ஆனா டிசைன் பண்ண அளவத் தாண்டிடுச்சுன்னு எழுதலாம், இந்த ஒரு வரிதான் மனுவோட உயிர். ஊருக்கு வெளில ரெண்டு லேன் சமவெளி ரோட்டுக்கு ஐஆர்சி 64 ஒரு நாளைக்கு 15,000 பிசியு, ஒத்த லேனுக்கு 2,000. ஒண்ணு மட்டும் கவனம், இண்டோ எச்சிஎம்ல டூவீலருக்கு பிசியு ரொம்பக் குறைவா வரும், அதனால எந்தப் புத்தகத்து நம்பரை எடுத்தீங்கன்னு கண்டிப்பா எழுதுங்க, பிசியு ஒரு புக்லேந்தும் கெப்பாசிட்டி இன்னொரு புக்லேந்தும் எடுத்து கலக்கக் கூடாது. காலேஜ் ப்ராஜெக்ட்ல வைவாங்கற வாய்மொழித் தேர்வுல மாட்டற இடம் இதுதான்.

வேகம் அளக்கறது சுலபம். ரோட்டோரத்துல 30 மீட்டர் டேப் வச்சு அளந்து ரெண்டு சாக்பீஸ் கோடு. வண்டி முதல் கோட்டுலேந்து ரெண்டாவது கோட்டுக்கு வர எத்தனை செகண்டுன்னு பாத்து, 108ஐ அதால வகுத்தா மணிக்கு எத்தனை கிமீன்னு வந்துடும். 2.7 செகண்டுன்னா 40, 1.8ன்னா 60. ஸ்டாப் வாட்ச்ல கை கொஞ்சம் முந்துனாலே மோசம், 60ல போற வண்டிக்கு 0.2 செகண்ட் முன்னாடி அமுக்கிட்டா 67ன்னு காட்டும். அதனால ஃபோன்ல வீடியோ எடுத்து ஃப்ரேம் ஃப்ரேமா நகத்திப் பாருங்க, செகண்டுக்கு 30 ஃப்ரேம், அதுக்கு மேல துல்லியம் நமக்கு தேவையில்ல. வேகமா போற ரோடுன்னா 60 மீட்டர் எடுத்து 216ஐ வகுங்க. நூறு வண்டியாவது வேணும், அதுவும் முன்னாடி தடையில்லாம போற வண்டியா பொறுக்கணும், பஸ்ஸுக்குப் பின்னாடி மாட்டின வண்டியோட வேகம் பஸ்ஸோட வேகம்தான். நூறையும் குறைச்சல்லேந்து அதிகத்துக்கு வரிசையா எழுதி 85வதா நிக்கற நம்பரை எடுங்க, அதுதான் 85வது பெர்சென்டைல், நூத்துல 85 வண்டி அந்த வேகத்துலயோ அதுக்குக் கீழயோ போகுதுன்னு அர்த்தம். ஆவரேஜை வச்சு ஸ்கூல் முன்னாடி ரோடு சேஃப்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, குழந்தைய இடிக்கறது ஆவரேஜ் வண்டி இல்ல. அந்த வேகத்துக்கு பிரேக் புடிச்சு நிக்க எவ்ளோ தூரம் வேணும்னா ஐஆர்சி 66 படி 50ல 60 மீட்டர், 60ல 80 மீட்டர், 80ல 120 மீட்டர். வளைவுல புதர் மறைக்குதுன்னு புகார்னா தூரத்த அளந்து இதோட வச்சுக் காட்டுங்க, புதரை வெட்ட டெண்டர்கூட வேணாம்.

ஸ்பீட் பிரேக்கர் பத்தி ஒரு வரி. 1988ல வந்த ஐஆர்சி 99ல 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வளைவு ஆரம் 17 மீட்டர், 25 கிமீ வேகத்துல தாண்டறதுக்கு. நம்ம தெருவுல இருக்கறது பாதி முதுகெலும்பு டாக்டருக்கு கஸ்டமர் புடிச்சுக் குடுக்கறதுக்குப் போட்டது. ரெண்டு ஓரத்துலயும் நூல் கட்டி ஸ்கேல் வச்சு அளந்து ஃபோட்டோ எடுங்க.

அடுத்தது ரோடு ஏன் உடையுது. சிஆர்ஆர்ஐ மாதிரி இடத்துல இதுக்கு பெங்கல்மேன் பீம்னு ஒண்ணு ரொம்ப காலம் ஓட்டினாங்க. ஒரு லாரிய பின் ஆக்சில்ல 8.17 டன் வர்ற மாதிரி லோடு பண்ணி, பின்னாடி ரெட்டை டயருக்கு நடுவுல இருக்கற இடுக்குல ஒரு நீளக் கம்பியோட முனைய விட்டு தரையத் தொட வச்சுடுவாங்க. லாரி மெல்ல முன்னாடி நகரும், முதல்ல 2.7 மீட்டர், அப்புறம் இன்னொரு 9 மீட்டர், அழுந்திக் கெடந்த ரோடு எழும்பறத மறுமுனைல டயல் காட்டும். எழும்பறது மில்லிமீட்டர் கணக்குதான், கண்ணுக்குத் தெரியாது. தார் சூட்டுல இளகும்ங்கறதால ரோட்டுல சின்ன ஓட்டை போட்டு தெர்மாமீட்டர் வச்சு 35 டிகிரிக்கு கணக்க சரி பண்ணுவாங்க. இப்போ பெரும்பாலும் எடைய மேலேந்து விழ வச்சு அளக்கற மெஷின் வந்துடுச்சு.

நம்மகிட்ட அதெல்லாம் இல்ல, ஆனா கண்ணு இருக்கு. சக்கரம் ஓடற தடத்துல மட்டும் முதலைத் தோல் மாதிரி கட்டம் கட்டமா விரிசல் வந்தா அடித்தளம் தாங்கலன்னு அர்த்தம், மேல இன்னொரு லேயர் தார் போட்டா கொஞ்ச நாள்ல அதே விரிசல் திரும்ப மேல வரும். ரோடு பூரா ஒரே மாதிரி வெளுத்து ஜல்லி உதிருதுன்னா அது வேற, தார் கலவைலயோ வயசுலயோ பிரச்சனை. தடத்துல பள்ளம் விழுந்திருக்கான்னு பாக்க, கொத்தனார் பூச்சுக்கு மட்டம் பாக்கற நீள அலுமினியப் பட்டைய குறுக்க வச்சு அடில எவ்ளோ இடைவெளின்னு ஸ்கேல்ல அளங்க, 3 மீட்டர் பட்டைன்னா நல்லது. தண்ணி டியூப் வச்சு நடுவுக்கும் ஓரத்துக்கும் உயர வித்தியாசம் பாருங்க, 7 மீட்டர் ரோட்டுக்கு 2 சதவீதச் சரிவுன்னா நடு ஓரத்த விட 7 சென்டிமீட்டர் உயரமா இருக்கணும். அது இல்லாத இடத்துலதான் தண்ணி நிக்கும், தண்ணி நிக்கற இடத்துலதான் குழி விழும். மழை விட்டு ஒரு மணி நேரம் கழிச்சு ஒரு ரவுண்டு போய் ஃபோட்டோ எடுத்தா டியூபே தேவையில்ல.

லாரி லோடு விஷயத்துல ஒரு கணக்கு மட்டும் மனசுல வச்சுக்கங்க. 1958லேந்து 60 வரைக்கும் அமெரிக்கால இல்லினாய்ஸ்ல லாரிகள ஓட்டி ஓட்டி ரோட்ட உடைச்சுப் பாத்த ஒரு சோதனைலேந்து வந்தது, ஆக்சில் எடை கூடினா சேதம் கிட்டத்தட்ட நாலாவது அடுக்குல கூடும். எடை ரெண்டு மடங்குன்னா சேதம் 16 மடங்கு. 2018ல நம்ம நாட்டுல நாலு டயர் ஒத்த ஆக்சிலுக்கு லிமிட்ட 10.2 டன்லேந்து 11.5 டன்னா ஏத்தினாங்க, கேக்க 13 சதவீதம்தான், ரோட்டுக்கு சேதம் 60 சதவீதத்துக்கு மேல. இது சட்டப்படி போற லாரிக்கு. அதனாலதான் ஷீட்ல லாரிய ஆக்சில் வாரியா பிரிச்சு எண்ணச் சொன்னது. எடை போட நம்மால முடியாது, ஆனா ஒரு நாளைக்கு எத்தனை டிப்பர் லோடோட போச்சு, எத்தனை காலியா திரும்புச்சுன்னு ரெண்டு தனிக் கட்டமா எழுத முடியும், அதுவே போதும்.

எல்லாம் ஆச்சுன்னா ரிப்போர்ட் ரெண்டு பக்கத்துக்கு மேல போகக் கூடாது. முதல் பக்கத்துல இடம், தேதி, பீக் ஹவர் பிசியு, எந்த ஐஆர்சி, 85வது பெர்சென்டைல் வேகம், கமர்ஷியல் வண்டி எண்ணிக்கை. ரெண்டாவது பக்கம் ஃபோட்டோ. எண்ணின ஷீட்ட அப்படியே ஜெராக்ஸ் போட்டு பின்னாடி சேருங்க, கசங்கி டீ கறையோட இருந்தாலும் பரவால்ல, ஒரிஜினல்னு தெரியும். யாருக்குக் குடுக்கறதுன்னு முன்னாடியே விசாரிச்சுக்கங்க: ஸ்டேட் ஹைவே, மாவட்ட முக்கிய சாலை, இதர மாவட்ட சாலை எல்லாம் ஹைவேஸ் டிபார்ட்மென்ட், தெரு ரோடுன்னா மாநகராட்சி, நகராட்சி, பஞ்சாயத்து, நேஷனல் ஹைவேன்னா 1033க்கு ஃபோன் பண்ணலாம். கூடவே 10 ரூபா ஃபீஸ் கட்டி ஒரு ஆர்டிஐ போட்டுடுங்க: இந்த ரோட்டுல கடைசியா எடுத்த ட்ராஃபிக் சென்சஸ் (டிபார்ட்மென்ட் எடுக்கற வண்டிக் கணக்கு) நகல், ரோடு போட்ட தேதி, கான்ட்ராக்டர் பராமரிப்பு பொறுப்புக் காலம் எது வரைக்கும். விபத்து அதிகம்னா மூணு வருஷ விபத்து விவரமும் கேளுங்க, நேஷனல் ஹைவேல சுமார் 500 மீட்டருக்குள்ள மூணு வருஷத்துல உயிரிழப்போ பலத்த காயமோ ஆன விபத்து 5, இல்லாட்டி உயிரிழப்பு 10 வந்தா அது ப்ளாக் ஸ்பாட் கணக்குல வரும்.

அவங்க எடுத்த சென்சஸ் நகல் கைக்கு வந்ததும் உங்க ஷீட்டோட பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டும் ஒத்துப்போனா மனுவுல அவங்க நம்பரையே போடுங்க, நம்மளோடது பின்னிணைப்பா இருக்கட்டும். ஒத்துப்போகலன்னா முதல்ல தேதியப் பாருங்க, நிறைய தடவை அது அந்த குவாரியோ புது காலேஜோ வர்றதுக்கு முன்னாடி எடுத்ததா இருக்கும், அப்போ மறு கவுண்ட் எடுங்கன்னு மட்டும் கேட்டா போதும்.